கட்-ஆஃப் வைத்தது யார்?

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் கட்-ஆஃப் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. எத்தனை சீட்டு, எத்தனை விண்ணப்பம், போன வருஷம் எவ்வளவில் நின்றது என்று எல்லாம் பேப்பரில் வந்துவிடும். அரை மார்க்கில் இடம் போனவர் ஏன் போனது என்று கேட்கவும் முடியும். அதே மாதிரி இன்னொரு கட்-ஆஃப், படத்துக்கு மென்பொருள் போடும் மதிப்பெண் வழியாக, காசநோயைத் தேடும் நெஞ்சு எக்ஸ்ரே முகாம்களுக்குள் வந்திருக்கிறது. அதை யார் வைத்தார்கள், ஏன் அந்த எண் என்று யாரும் கேட்பதில்லை. மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு சரியா தப்பா என்ற பெரிய விவாதத்தைவிட இந்தச் சின்னக் கேள்விதான் காவிரிப் படுகையில் இருக்கும் ஒருவருக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

முகாமில் நடப்பது இதுதான். கையில் தூக்கிப்போகும் அளவுக்குச் சின்னதான ஒரு எக்ஸ்ரே கருவி, படத்தை வாங்கும் தட்டு ஒன்று, பக்கத்தில் ஒரு மடிக்கணினி. நாட்டின் பல மாவட்டங்களில் 2024 டிசம்பரில் தொடங்கிய 100 நாள் காசநோய் இயக்கத்தில் இந்த வகைக் கருவிகள் ஊர் ஊராகப் போயின. படம் விழுந்த சற்று நேரத்தில் மென்பொருள் அதைப் படித்து ஒரு மதிப்பெண் போடும். சிலவற்றில் 0 முதல் 100 வரை, சிலவற்றில் 0 முதல் 1 வரை. மதிப்பெண் கட்-ஆஃப் கோட்டைத் தாண்டினால் சளி கொடுக்கச் சொல்வார்கள். தாண்டாவிட்டால், "ஒண்ணுமில்லம்மா, போய்ட்டு வாங்க."

15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் காசநோயைச் சலித்தெடுக்க, படம் படிக்கும் ஆளுக்குப் பதில் இந்த மென்பொருளை வைத்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. வேதாரண்யம் உப்பளத்துக்கு ஒரு ரேடியாலஜிஸ்ட் தினம் வந்து உட்காரப் போவதில்லை. அந்த வகையில் இது நல்ல பரிந்துரை. ஆனால் கோட்டை எந்த எண்ணில் போடுவது என்பது அந்தந்த ஊர் நிலவரத்தைப் பார்த்து மனிதர்கள் எடுக்க வேண்டிய முடிவு. அதை மென்பொருளின் தலையில் கட்ட முடியாது.

ஒரு கணக்குப் போடலாம். முகாமுக்கு 1000 பேர் வருகிறார்கள், அவர்களில் 10 பேருக்குக் காசநோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட சலிப்புச் சோதனை, நோய் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரையாவது பிடிக்க வேண்டும், நோய் இல்லாதவர்களில் 70 விழுக்காட்டினரையாவது சரியாக விட்டுவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2014-ல் குறித்த குறைந்தபட்ச அளவு. அந்த அளவில் கோடு போட்டால் 10 பேரில் 9 பேர் சிக்குவார்கள், ஒருவர் தப்புவார். நோய் இல்லாத 990 பேரில் 297 பேரும் கூடவே சிக்குவார்கள். மொத்தம் 306 பேருக்குச் சளிப் பரிசோதனை. சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது சிபிநாட் கருவி; நான்கு மாதிரி ஒரே நேரத்தில் ஓட்டும் கருவியில் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் பிடிக்கும். எட்டு மணி நேர வேலை நாளில் 16 மாதிரி. 306-ஐ முடிக்க 20 நாள் ஆகும், ஒவ்வொரு மாதிரியையும் போட்டு ஓட்டும் கார்ட்ரிட்ஜும் 306 வேண்டும்.

இப்போது கோட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றுவோம். நோய் இல்லாதவர்களில் 90 விழுக்காட்டினர் விடுபடுகிறார்கள், ஆனால் நோய் உள்ளவர்களில் 70 விழுக்காட்டினர்தான் சிக்குகிறார்கள் என்று கொள்வோம். சளி கொடுப்பவர்கள் 106 பேர்தான். ஏழு நாளில் லேப் வேலை முடிந்துவிடும், 200 கார்ட்ரிட்ஜ் மிச்சம். தப்பியவர்கள் மட்டும் ஒருவருக்குப் பதில் மூன்று பேர். கம்ப்யூட்டரே பார்த்துவிட்டது என்ற நம்பிக்கையோடு அந்த மூன்று பேரும் வீட்டுக்குப் போவார்கள். இருமல் நிற்காவிட்டாலும் அடுத்த சில மாதங்களுக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் வர மாட்டார்கள். ராத்திரி பேரப்பிள்ளையோடு ஒரே பாயில் படுப்பார்கள்.

200 கார்ட்ரிட்ஜா, இரண்டு ஆளா என்பதற்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. இருப்பில் 150 கார்ட்ரிட்ஜ்தான் இருக்கிறது என்றால் 306 பேரிடம் சளி வாங்கி வைத்துக்கொண்டு முடிவு சொல்லாமல் இழுத்தடிப்பதும் அநியாயம்தான். கருவியைக் கொண்டுவந்து பொருத்திய நிறுவனத்து ஆள் விட்டுப்போன எண்ணே இருக்கட்டும் என்று இருந்துவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. எந்த எண், யார் வைத்தார், எந்தத் தேதியில், என்ன காரணத்தால் என்பது மாவட்டக் காசநோய் மையத்தில் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

எண்ணை வைப்பதற்கு வழி இருக்கிறது. அதே மாவட்டத்தில் ஏற்கெனவே எடுத்த படங்களில், சளி முடிவு தெரிந்தவை 250, 300 எடுத்துக்கொள்ளலாம். நோய் இருந்தவர்கள் மட்டும் போதாது, இல்லாதவர்களும் அதில் வேண்டும். மென்பொருளிடம் கொடுத்து, ஒவ்வொரு எண்ணிலும் எத்தனை பேர் சிக்குகிறார்கள், எத்தனை பேர் தப்புகிறார்கள் என்று எழுதிப் பார்க்க வேண்டும். பிறகு பெண்கள் தனியே, 60 வயது தாண்டியவர்கள் தனியே, முன்பு காசநோய் வந்து குணமானவர்கள் தனியே, சர்க்கரை உள்ளவர்கள் தனியே பிரித்து இன்னொரு முறை. மென்பொருளின் பதிப்பு மாறினால் திரும்ப முதலிலிருந்து. பதிப்பு மாறியதையே சொல்லாமல் மாற்றும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடக் கூடாது.

கோட்டுக்குக் கீழே விழுந்தவர்களிலும் இருபதில் ஒருவருக்குச் சளி பார்க்க வேண்டும். மேலே சொன்ன முதல் கணக்கில் 694 பேர் கீழே இருப்பார்கள். அதில் 35 பேர். ஒரே முகாமில் இது எதையும் காட்டாமல் போகலாம், பத்து இருபது முகாம் சேர்ந்தால்தான் தெரியும். இதைச் செய்யாவிட்டால் தப்பியவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஒரு நாளும் விடை கிடைக்காது. எல்லாம் சரியாக நடப்பதாகவே அறிக்கை வரும்.

பின்னல் விழுந்த படம்

கோட்டுக்கு முன்னால் படம் இருக்கிறது. முகாமில் வரிசை நீளமாக இருக்கும்போது நடக்கும் ஒரு சின்னத் தவறைச் சொல்கிறேன். தலைக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஜடையை முன்னால் தோளில் போட்டபடியே ஒரு அம்மா தட்டின் முன் நிற்கிறார். படத்தில் அந்தப் பின்னல் நுரையீரலின் உச்சியில், காறை எலும்புக்குக் கொஞ்சம் மேலும் கீழுமாக, திட்டுத் திட்டான வெள்ளை நிழலாக விழும். வயது வந்தோருக்குக் காசநோய் பெரும்பாலும் முதலில் தெரியும் இடமும் அந்த உச்சிதான். பழகிய ரேடியோகிராபர், நிழல் கழுத்துக்கு வெளியேயும் நீள்வதைப் பார்த்து அது முடி என்று கண்டுகொள்வார். மென்பொருளுக்கு அப்படி ஒரு பாடம் சொல்லித்தரப்பட்டதா என்று நமக்குத் தெரியாது. மதிப்பெண் ஏறிவிடும்.

தாலிக் கயிற்றில் கோத்திருக்கும் ஊக்குகளும் அப்படித்தான். தாலியைக் கழற்றச் சொல்ல வேண்டாம், சொல்லவும் கூடாது. கயிற்றை மேலே தூக்கி வாயோரம் பிடித்துக்கொள்ளச் சொன்னால் போதும். ஜடையைக் கொண்டையாகத் தூக்கிக் கட்ட வேண்டும். தாயத்து, ஜாக்கெட் கொக்கி இரண்டையும் பார்க்க வேண்டும். கூன் விழுந்த பாட்டிக்குத் தாடை நிமிராது, தாடையின் நிழல் உச்சியை மூடிவிடும். அப்போது மதிப்பெண்ணை நம்பாமல் படத்தை இன்னொரு முறை எடுக்க வேண்டும், அல்லது நேராகச் சளிக்கு அனுப்ப வேண்டும். மூச்சை முழுக்க இழுத்துப் பிடிக்காமல் எடுத்த படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்துத் தெரியும்.

இதில் நியாயப் பிரச்சினை எங்கே வருகிறது என்றால், தவறு எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. இளவட்டம் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட ஊர்களில் முகாமுக்கு வருபவர்களில் வயதானவர்கள் அதிகம். வயதானவர்களிடமும், முன்பே காசநோய் வந்து தழும்பு தங்கியவர்களிடமும் இந்த மென்பொருள்கள் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டுவது அதிகம். சர்க்கரை உள்ளவர்களுக்கு நோய் உச்சியில் இல்லாமல் கீழ்ப்பகுதியில் வரவும் கூடும், அதைத் தவறவிடும் அபாயம் உண்டு. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அந்தப் பரிந்துரையே பொருந்தாது. வரிசையில் நின்றுவிட்டான் என்பதற்காகப் பத்து வயதுப் பையனின் படத்தை மென்பொருளுக்குக் கொடுத்து, வந்த எண்ணை நம்பக் கூடாது.

படம் சரியில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்து ஒரு பாடம். சர்க்கரையால் விழித்திரையில் வரும் பாதிப்பைக் கண்டறியும் மென்பொருளை அங்கே 11 மருத்துவ நிலையங்களில் வைத்துப் பார்த்த ஆய்வு 2020-ல் வெளியானது. முதல் ஆறு மாதத்தில் கொடுத்த 1838 படங்களில் 21 விழுக்காட்டை, தரம் போதாது என்று மென்பொருள் திருப்பிவிட்டது. அறையை இருட்டாக்க முடியாததும் ஒரு காரணம். இணைய வேகம் வேறு தொல்லை கொடுத்தது. நம் பக்கத்தில் இன்னொன்று சேரும்: கண்புரை. புரை விழுந்த கண்ணில் விழித்திரை தெளிவாக விழாது. ஆக, மென்பொருள் படிக்க மறுக்கும் கண் பெரும்பாலும் முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கண்ணாகத்தான் இருக்கும். "படிக்க முடியவில்லை" என்று வந்ததை அறிக்கையில் "பாதிப்பு இல்லை" என்ற கட்டத்தில் சேர்ப்பது பெரிய தவறு. அதற்குத் தனிக் கட்டம் வேண்டும், அந்தக் கட்டத்தில் உள்ள எல்லாரும் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கண் மென்பொருளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் பெரிதாகப் பேசப்பட்ட 2016-ம் ஆண்டு ஆய்வுக்கான படங்களில் ஒரு பகுதி மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களிலிருந்து போனவை. இங்கே உள்ள கண்களைப் பார்த்து இயந்திரம் பாடம் படித்தது. அதன் பலன் இங்கே உள்ளவர்களுக்குக் கட்டுபடியாகும் விலையில் திரும்பி வருகிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

"பூச்சி கடிச்சிருக்கு"

படத்தைவிடப் பேச்சில்தான் எனக்குப் பயம் அதிகம். நோயாளி பேசுவதைக் கேட்டு ஆங்கிலத்தில் கேஸ் ஷீட் எழுதித்தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. கீழத்தஞ்சைப் பக்கத்துப் பேச்சை அதன் முன் வைத்துப் பாருங்கள். இரவு நேரத்தில் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், "பூச்சி கடிச்சிருக்கு" என்பார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது எறும்போ வண்டோ கடித்ததாகிவிடும். கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரி தரையில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி அதிகம் இருக்காது, பல் பட்ட இடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் இமை சொருகும், விழுங்க முடியாது, பிறகு மூச்சு நிற்கும். விஷமுறிவு மருந்து 8 முதல் 10 குப்பி ஏற்ற வேண்டிய ஆளுக்கு அரிப்பு மாத்திரை கொடுத்து அனுப்பும் நிலை ஒரே ஒரு சொல்லால் வரும்.

"முழுகாம இருக்கா" என்றால் குளிக்காமல் இருக்கிறாள் என்று பொருளல்ல, கர்ப்பமாக இருக்கிறாள். "நாள் தள்ளிப்போயிருக்கு" என்பதும் அதையே குறிக்கலாம். இரண்டும் குறிப்பில் விழாமல் போனால் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாத வலிப்பு மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ எழுதப்பட்டுவிடும். "அம்மை போட்டிருக்கு", "வவுத்தால போவுது", "கொதிப்பு இருக்கு" எல்லாம் இதே வகை. "வாயு புடிச்சிருக்கு" என்று நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு வருபவருக்கு முதலில் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது பழகிய செவிலியருக்குத் தெரியும்.

பேச்சே இல்லாத இடத்தில் பேச்சைப் போட்டு எழுதும் பழக்கமும் இந்த மென்பொருள்களுக்கு உண்டு. பரவலாகப் பயன்படும் ஒரு பேச்சுப்பதிவு மென்பொருளை ஆராய்ந்து 2024-ல் வந்த ஆய்வில், சுமார் 1 விழுக்காடு ஒலிப்பதிவுகளில் யாருமே சொல்லாத வாக்கியங்கள் முழுசாக முளைத்திருந்தன. பேச்சுக்கு நடுவே இடைவெளி அதிகம் விடுபவர்களிடம், அதாவது பக்கவாதத்தால் பேச்சு தடுமாறுபவர்களைப் போன்றவர்களிடம், அது கூடுதல். ஒரு நாளைக்கு 200 புறநோயாளி பார்க்கும் இடத்தில் 1 விழுக்காடு என்பது இரண்டு பேர். ஆகவே ஒலிப்பதிவை உடனே அழித்துவிடக் கூடாது; குறிப்பில் சந்தேகம் வந்தால் திரும்பக் கேட்க அது இருக்க வேண்டும். எழுதியதைத் தமிழில் நோயாளிக்கு வாசித்துக் காட்டி, "சரிதானாம்மா?" என்று கேட்ட பிறகே மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும். அரை நிமிடம்தான் ஆகும்.

கையெழுத்து

இயந்திரம் சொன்னாலும் கடைசியில் டாக்டர்தானே பார்க்கிறார் என்பார்கள். மார்பகப் படம் படிக்கும் 27 மருத்துவர்களை வைத்து 2023-ல் வந்த ஒரு ஆய்வைப் பாருங்கள். ஆய்வாளர்கள் வேண்டுமென்றே மென்பொருள் பெயரில் தவறான விடையைக் காட்டியபோது, நல்ல அனுபவம் உள்ளவர்களே சரியாகச் சொன்னது 82 விழுக்காட்டிலிருந்து 46-க்கு இறங்கியது. அனுபவம் குறைந்தவர்கள் 80-லிருந்து 20-க்கு. போலந்தில் குடல் உள்நோக்கிப் பரிசோதனையில் மென்பொருளோடு பழகிய மருத்துவர்கள், அது இல்லாமல் பார்த்தபோது கட்டிகளைக் கண்டுபிடித்த விகிதம் முன்பிருந்த 28 விழுக்காட்டிலிருந்து 22-க்குக் குறைந்திருந்ததை 2025-ல் வந்த ஆய்வு காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக இருக்கும் இளம் மருத்துவரின் நிலைமை இதைவிடக் கடினம். மேலே கேட்க ஆளில்லை, திரையில் ஒரு எண் இருக்கிறது.

இதற்கு மருந்து, பார்க்கும் வரிசையை மாற்றுவதுதான். மருத்துவர் முதலில் தன் கருத்தை எழுத வேண்டும், பிறகுதான் மென்பொருளின் விடை திறக்க வேண்டும். இரண்டும் மாறுபட்டால் ஏன் என்று ஒரு வரி. மென்பொருள் வாங்கும்போதே இந்த வசதி இருக்கிறதா என்று கேட்கலாம், இல்லை என்றால் காகிதத்தில் செய்யலாம்.

எதிர்த்துக் கேட்க முடியாத எண்ணுக்கும் கேட்க முடிந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், யாரை உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும் என்பதை எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பதை வைத்தே முடிவு செய்கிறார்கள். உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆபத்து, 150 செ.மீ. உயரம் உள்ளவருக்கு அது 31.5 கிலோ. செவிலியர் இதைத் தராசில் திரும்ப ஏற்றிப் பார்க்கலாம், குடும்பத்துக்கு விளக்கலாம், தவறென்றால் மாற்றலாம். அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி கருத்த தோலில் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவை அந்தக் கருவி தவறவிட்டது, கருப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. நடவு வெயிலில் கறுத்த கைக்கு 94 என்று வந்தால், மூச்சையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவிலிருந்தே இன்னொரு பாடம். யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று கணித்த ஒரு மென்பொருள், மருத்துவத்துக்கு ஆன செலவை நோயின் அளவாக எடுத்துக்கொண்டது. செலவு செய்ய வழியில்லாத கருப்பின மக்கள் நோய் குறைந்தவர்களாகத் தெரிந்தார்கள். கூடுதல் கவனிப்புப் பெற்றவர்களில் அவர்களின் பங்கு 17.7 விழுக்காடு, கணக்கைத் திருத்தினால் 46.5 ஆகியிருக்கும் என்று 2019-ல் கண்டார்கள். காப்பீட்டுத் தரவை வைத்து இங்கே ஒருவர் அப்படி ஒரு மென்பொருள் செய்தால், கூலி போய்விடும் என்று மூட்டுவலியோடு நாற்று நட்டுக்கொண்டிருக்கும் விவசாயத் தொழிலாளிப் பெண்தான் ஊரிலேயே ஆரோக்கியமான ஆள் என்று அது சொல்லும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. நோயறிய உதவும் மென்பொருளும் 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிதான். 2017-ம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின்படி அது எந்த ஆபத்து வகுப்பு, உரிம எண் என்ன என்று விற்பவரிடம் கேட்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ல் இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அதே ஆண்டு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் பெறும் உரிமை உண்டு. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகள் அமலாக 18 மாத அவகாசம். ஆங்கிலத் தாளில் கைநாட்டு வாங்குவதை நிறுத்த அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வாய்மொழியாக இப்படிச் சொல்லலாம்: "அம்மா, இந்தப் படத்த மொதல்ல கம்ப்யூட்டர் பாக்கும். அது தப்பாவும் சொல்லலாம். இருமல் நிக்கலன்னா அது என்ன சொல்லியிருந்தாலும் வாங்க. படத்த வேற ஆராய்ச்சிக்குக் குடுக்கலாமான்னு தனியா கேக்குறோம். வேணாம்னு சொன்னாலும் வைத்தியம் நிக்காது."

ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்போது பெயரை எடுத்துவிட்டோம் என்பது போதாது. எக்ஸ்ரே கோப்புக்குள் பிறந்த தேதி, மருத்துவமனை, படம் எடுத்த நேரம் எல்லாம் ஒளிந்திருக்கும். ஸ்கேன் படத்தின் மூலையில் பெயர் படத்தோடு படமாகப் பதிந்திருக்கும், அதை மறைத்தாக வேண்டும். 68 வயது, மீனவர், இடது கால் இல்லாதவர், கோடியக்கரை என்று எழுதினால் பெயர் எதற்கு? ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஊரை எடுத்து மாவட்டம் என்று போட வேண்டும், வயதைப் பத்து வருட இடைவெளியாகப் போட வேண்டும். ஒருமுறை மென்பொருள் அந்தப் படத்தைப் பார்த்துப் படித்துவிட்டால், பிறகு ஒப்புதலைத் திரும்பப் பெற்றாலும் படித்ததைப் பிடுங்குவது கடினம். அதையும் ஒப்புதல் வாங்கும்போதே சொல்ல வேண்டும்.

கடைசியாக, முடிவு நோயாளியிடம் போய்ச் சேர்ந்ததா என்று காட்டும் பதிவேடு. கண்டுபிடித்த நோய்க்கு வைத்தியம் செய்ய வசதி இல்லாமல் சலித்தெடுக்கக் கூடாது என்பது 1968 முதல் பொது சுகாதாரத்தில் உள்ள விதி. சளி பாத்திரத்தில் எச்சில்தான் இருந்ததா, 2 மில்லியாவது சளி இருந்ததா என்று அங்கேயே பார்க்க வேண்டும். விடியற்காலைச் சளி என்றால் இன்னும் நல்லது. பெயர், வயது, மதிப்பெண், சளி முடிவு என்ற கட்டங்களோடு இரண்டு சேர்க்க வேண்டும்: முடிவை அவரிடம் சொன்ன தேதி, சொன்னவர் பெயர். தை மாதம் சம்பா அறுப்புக்குப் போயிருப்பவரைப் பகலில் வீட்டில் தேடினால் கிடைக்க மாட்டார், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போக வேண்டும்.